மேல் கீலில் இரண்டு சொட்டு

ரூடி கங்காஸ் வீட்டுப் பின்கதவு கத்த ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சும்மா கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்கிற கதவாக இருந்தால் ஹெல்மி பொறுத்துக்கொண்டிருப்பாள். இது அப்படியில்லை. திறக்கத் தொடங்கும்போது முனகலாக ஆரம்பித்து, பாதி வழியில் மூக்கடைத்தாற்போலாகி, கடைசியில் 'ம்மே...' என்று இழுத்து முடிக்கும். சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போகிற கதவு அது. விறகு எடுக்க, குப்பை கொட்ட, சனிக்கிழமை சானாவுக்கு, அதாவது நீராவிக் குளியல் அறைக்கு, நெருப்பு மூட்ட என்று எத்தனை முறை போய்வருகிறார்களோ அத்தனை முறையும் ஓர் ஒப்பாரி.

"ரூடி, அந்தக் கதவு" என்பாள் ஹெல்மி.

இலையுதிர்காலமாக இருந்தால், "சீசன் முடியட்டும்" என்பான் ரூடி. வசந்தமாக இருந்தால், "சீசனுக்கு முன்னாடி பாத்துடறேன்" என்பான். சீசன் என்றால் மான் சீசன். மிச்சிகனின் வட மூலையில் அதைத் தவிர வேறு சீசன் கிடையாது. நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடம் மூடிவிடும், பல் டாக்டர் மூடிவிடுவார், செத்தவனைப் புதைக்கக்கூட ஆள் கிடைக்காது. ஆம்பளைகள் அத்தனை பேரும் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் அவரவர் குடிலில் அடைந்துகொள்வார்கள். சோம்பேறிக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை என்றாலும், ஊரே சேர்ந்து ஒரு சாக்கைத் தயாரித்துக் கொடுத்தது ரூடியைப் போன்றவர்களுக்குத்தான்.

கங்காஸ் வீட்டுக்கும் ஹெல்மி பிறந்த நிஸ்கா வீட்டுக்கும் பொதுவாக ஒரு குடில் இருந்தது. குடிலை ஒட்டி இரண்டு பரண்கள். தேவதாருச் சதுப்பின் ஓரத்தில் ரூடியின் அப்பா கட்டியது முதல் பரண். மான்கள் தண்ணீருக்கு இறங்கும் தடம் அதன் காலடியில்தான் போகிறது. இன்னொன்று கல்மேட்டில், காற்று எலும்பைத் துளைக்கிற இடத்தில். அதில் உட்கார்ந்தால் மானைப் பார்க்க முடியாது, மானுக்குத்தான் நம்மைப் பார்க்க வசதி. அதில் ஹெல்மியின் அண்ணன் வில்பர்ட் காலமெல்லாம் உட்கார்ந்து குளிரில் பல்லை உடைத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு ஒரு சட்டமும் உண்டு. ரூடியின் அப்பா, வருடம் தவறாமல் கொம்பன் மான் விழுந்துகொண்டிருந்த திமிரில், நிஸ்காக்களைக் குத்திக்காட்டுவதற்காகவே போட்ட சட்டம் அது. "அஞ்சு சீசன் ஒரு வீடு வெறுங்கையோட திரும்பினா, முதல் பரண் அடுத்த வீட்டுக்கு. எந்தக் கை மானைக் கம்பத்துல தொங்கவிடுதோ, அந்தக் கைக்குத்தான் பரண்." தான் வைத்த கண்ணியில் தன் பிள்ளையே போய் மாட்டுவான் என்று அந்தப் பெரியவர் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

ரூடிக்கு மான் விழாமல் நான்கு சீசன் போய்விட்டது. இது ஐந்தாவது.

அந்தப் பரண் இல்லாமல் தான் எப்படி இருக்கப்போகிறோம் என்று ரூடிக்கு உண்மையாகவே தெரியவில்லை. மானுக்காக மட்டுமில்லை. அங்கே உட்கார்ந்தால் ஒருவரும் அவனை ஒன்றும் கேட்பதில்லை. பனி விழும், காக்கை கத்தும், அப்பா பேனாக்கத்தியால் செதுக்கிய கோடுகள் பலகையில் விரலுக்குத் தட்டுப்படும். வருடத்தில் மற்ற நாட்களை அவன் ஓட்டியதே அந்தப் பதினாறு நாட்களை நினைத்துத்தான்.

பதினான்காம் தேதி காலையில் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்தபோது ஹெல்மி பின்கதவருகே வந்து நின்றாள். தேவாலயத்தில் பெண்கள் சேர்ந்து காப்பிக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்கு அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டி கையில் இருந்தது.

"நான் திரும்பி வர்றப்போ இந்தக் கதவு வாயைத் திறக்கக்கூடாது ரூடி. திறந்துச்சுன்னா குடிலுக்கே வந்து உன்னை இழுத்துட்டு வருவேன். அண்ணன் முன்னாடி, காதைப் பிடிச்சு."

"கதவுன்னா திறக்கத்தானே செய்யும்."

"உன் வாயையும் சேத்துத்தான் சொல்றேன். என் தையல் மிஷின் எண்ணெய் கொட்டகை அலமாரியில இருக்கு. கீல் ஆணியைத் தட்டி எடுத்து, துரு துடைச்சு, எண்ணெய் போட்டு, திரும்பச் சொருகணும். சும்மா மேலாப்புல தெளிச்சுட்டு ஓடக்கூடாது."

"எனக்குத் தெரியாதா?"

"நாலு வருஷமாத் தெரிஞ்சிருக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கொட்டகை அலமாரியில் இரண்டு சின்ன பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று ஹெல்மியின் தையல் மிஷின் எண்ணெய். பழசாகி அதன் மேலிருந்த தாள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. மற்றது ரூடியின் ரகசியம். பருவத்துக்கு வந்த பெட்டை மானின் மூத்திரம், அசல் சரக்கு. பரணைச் சுற்றி நாலு சொட்டு விட்டால் மூன்று மைல் சுற்றளவில் உள்ள கொம்பன்களெல்லாம் மாப்பிள்ளை முறுக்கோடு வந்து நிற்கும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். வில்பர்ட் கண்ணில் பட்டால் அவனும் ஒன்று வாங்கிவிடுவானே என்று, ரூடி அதன் தாளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்திருந்தான். எடுத்தவன் பாட்டிலில் ஒரு அடையாளம் வைத்திருக்கலாம். அத்தனை தூரம் யோசிக்கிறவனாக இருந்தால் கதவு ஏன் நான்கு வருடம் கத்துகிறது?

இதுவும் மஞ்சள், அதுவும் மஞ்சள். முகர்ந்து பார்த்தான். ஒரு வாரமாக ஜலதோஷம். மூக்கு சுவராகிப் போயிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். வெளியே வில்பர்ட்டின் டிரக் ஹாரன் அடித்தது. "இதுதான் எண்ணெய்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஒன்றைக் கையிலும் மற்றதைக் கோட்டுப் பையிலும் எடுத்துக்கொண்டான்.

ஆணியைத் தட்டி எடுக்கவில்லை, துரு துடைக்கவில்லை. மேல் கீலில் நாலு சொட்டு, நடுக் கீலில் நாலு, கீழ்க் கீலில் பாட்டில் கவிழ்ந்து மிச்சம் முழுக்க. கதவை ஆட்டினான். முனகவில்லை. முழுக்கத் திறந்தான். ஒரு சத்தமும் இல்லை. நான்கு வருட வேலை நான்கு நிமிடத்தில் முடிந்த பெருமையில் காலிப் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு வில்பர்ட்டின் டிரக்கில் ஏறினான்.

"என்ன மாப்ள, லேட்டு?" என்றான் வில்பர்ட்.

"கதவு ரிப்பேர் மச்சான். வீட்டு ஆம்பளைன்னா நாலு பொறுப்பு இருக்கும்."

"பரணுல என் குஷனைப் போட எடம் இருக்கும்ல?"

"இன்னும் சீசனே தொடங்கல" என்றான் ரூடி விறைப்பாக. கோட்டுப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

காட்டில் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் விடியுமுன் பரணைச் சுற்றி ரூடி தாராளமாகச் சொட்டு விட்டான். மான் வரவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் விட்டான். வந்துகொண்டிருந்த ஒரு பெட்டை மான் மூக்கைத் தூக்கிப் பார்த்து, தும்மிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அடுத்த வாரம் ரூடி தன் காலணியில் தேய்த்துக்கொண்டான், கையுறையில் தேய்த்துக்கொண்டான், ஏணியில் ஊற்றினான். ஏணியில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். கல்மேட்டில் உட்கார்ந்திருந்த வில்பர்ட்டுக்குக்கூட, குளிரில் கண்ணைத் திறக்க முடியாத ஒரு காலையில், கிழட்டுக் கொம்பன் ஒன்று வழி தவறி வந்து விழுந்தது.

"மாப்ள, தப்பா நெனச்சுக்காதே" என்றான் வில்பர்ட் சாப்பாட்டு மேஜையில். "உன் பக்கத்துல வந்தாலே எங்கம்மா தைக்கிற ரூம்ல நிக்கிற மாதிரி இருக்கு. என்ன சோப்பு போடறே?"

"ஜலதோஷத்துக்குத் தைலம்" என்றான் ரூடி.

"அதான் மானெல்லாம் ஓடுது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கும்பாங்க, உனக்கு மூக்கு சாக்கா?"

ரூடி எழுந்து போனான். பாத்திரம் கழுவினான். மான் விழாதவன்தான் அங்கே பாத்திரம் கழுவவேண்டும்.

சீசனின் கடைசி நாள் காலையில் அவன் பரணிலிருந்து இறங்கும்போது பலகைக் கோடுகளை ஒருமுறை தடவிப் பார்த்தான். அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார், திட்டிவிட்டு வேறு சட்டம் போட்டிருப்பார். கீழே வில்பர்ட் சிவப்புக் கட்டம் போட்ட குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். பரணை வாங்கிக்கொள்வதில் அவனுக்கும் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் குஷனைக் கொண்டுவர மறக்கவில்லை.

"தங்கச்சிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிடறேன் மாப்ள" என்றான் வழியில்.

"ஒண்ணும் வேணாம். என் வாயாலயே சொல்றேன்."

டிரக் வீட்டுக் கொல்லையில் போய் நின்றபோது சொல்லவேண்டியதை இரண்டு பேரும் மறந்துபோனார்கள். ஆப்பிள் மரத்துக் கிளையில் ஒரு கொம்பன் தொங்கிக்கொண்டிருந்தது. சாதாரணக் கொம்பன் இல்லை. அந்தக் கொம்பின் விரிவுக்கு முன்னால், டிரக்கில் கிடந்த வில்பர்ட்டின் மான் ஆட்டுக்குட்டி போலத் தெரிந்தது.

"யார் சுட்டது?" என்றான் வில்பர்ட்.

பின்கதவு 'ம்மே...' என்று இழுத்துத் திறந்தது. ஹெல்மி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இந்த வீட்டுல வேற யாரு இருந்தா?" என்றாள்.

மானின் கொம்பில் உரிமச் சீட்டு ஒழுங்காகக் கட்டியிருந்தது. ஹெல்மி கங்காஸ் என்று பெயர். வருடாவருடம் ரூடிதான் அவள் பெயரிலும் ஒரு உரிமம் வாங்கி வைப்பான். 'ஒருவேளை எனக்கு ரெண்டு விழுந்தா?' என்பது அவன் கணக்கு. ஊரில் பாதி ஆம்பளைகளுக்கு அதே கணக்கு. உரிமத்தில் பெயர் இருக்கிற பெண்பிள்ளை ஒருநாள் நிஜமாகவே துப்பாக்கியை எடுத்துவிடுவாள் என்பது யார் கணக்கிலும் இல்லை.

"உள்ள வாங்க, பேஸ்டி சூடா இருக்கு" என்றாள் ஹெல்மி. இரண்டு பேரையும் மேஜையில் உட்காரவைத்து, கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியை ஆளுக்கொன்று தட்டில் போட்டாள். பிறகு ரூடிக்கு எதிரே உட்கார்ந்தாள். "இப்ப சொல்லு. கதவுக்கு என்ன போட்ட?"

"எண்ணெய்."

"எண்ணெய். நான் அன்னிக்கு வந்து கதவைத் திறந்தா, உள்ள நிக்க முடியல. ஏதோ பூனைதான் அசிங்கம் பண்ணிடுச்சுன்னு மூணு தடவை தரையைக் கழுவினேன். பிளீச்சிங் பவுடர் போட்டேன். கதவு வேற ரெண்டு நாள்தான் வாயை மூடிட்டு இருந்துச்சு. அப்புறம் காஞ்சுபோய், முன்னைவிட மோசமா ஆரம்பிச்சுடுச்சு. சரி, காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரத்தான் வேணும்னு கோட்டு மாட்டினேன்."

"அப்புறம்?" என்றான் வில்பர்ட், பேஸ்டியை மறந்து.

"கதவைத் திறந்தேனா, அது ம்மேன்னுச்சு. ஆப்பிள் மரத்துக்குப் பின்னாடி, வெளிய தொங்கறாரே, இவரு தலையைத் தூக்கினாரு. நான் பயந்து கதவைச் சாத்தினேன், அதுக்கும் ம்மேன்னுச்சு. இவரு விறகுக் குவியல் வரைக்கும் வந்துட்டாரு. எனக்கு அது கதவாத்தான் கேக்குது, இவருக்குப் பெட்டை கூப்பிடற மாதிரி கேட்டிருக்கு. மறுபடி ஒரு ஆட்டு ஆட்டினேன். படியில காலை வச்சு, கீலை மோந்து பாக்கறாரு மனுஷன். கண்ணை மூடிக்கிட்டு. மேலே என் மாமனார் துப்பாக்கி தொங்குது." அவள் கதவின் மேல் இருந்த பழைய துப்பாக்கியைக் காட்டினாள். "எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா படியெல்லாம் நாசமாயிடும்னு, மரத்துக்கிட்ட திரும்பிப் போறப்போதான் சுட்டேன்."

ரூடியின் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மூக்கு இப்போது சரியாகிவிட்டது, ஆனால் முகர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வில்பர்ட்தான் எடுத்து மோந்தான். மோந்து, தங்கையின் தையல் மிஷினைத் திரும்பிப் பார்த்து, மறுபடி மோந்தான்.

"மாப்ள" என்றான் மெதுவாக. "பதினாறு நாளா பரணுக்கு எண்ணெய் போட்டிருக்க."

ஹெல்மிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி நகர்ந்தது. எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவும் கூடவே கத்தியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். வெண்ணெயை வீட்டுக் கதவில் தடவிவிட்டு நெய்க்குக் காட்டில் அலைந்தவன் இவன் ஒருத்தன்தான்.

சிரிப்புக்கு நடுவே ரூடிக்கு ஒன்று பொறிதட்டியது.

"மச்சான். சட்டம் என்ன? அஞ்சு சீசன் ஒரு 'ஆளு' வெறுங்கையோட திரும்பினாவா, ஒரு 'வீடு' திரும்பினாவா?"

வில்பர்ட் தாடையைத் தடவினான். "வீடுதான். உங்கப்பா எங்க வீட்டையே சேத்துத் திட்டறதுக்காக அப்படிச் சொன்னாரு."

"அப்ப என் வீடு வெறுங்கையோட திரும்பல."

"கம்பத்துல தொங்கணும் மாப்ள. குடில் கம்பத்துல. இது ஆப்பிள் மரம்."

"சூரியன் இன்னும் இறங்கல" என்றாள் ஹெல்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வண்டி கொல்லையிலயே நிக்குது. தூக்குங்க."

மூன்று பேரும் தூக்கினார்கள். குடிலுக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது. கயிற்றைக் கம்பத்தில் மாட்டி இழுக்க ரூடி கையை நீட்டினான். ஹெல்மி அவன் கையை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தானே இழுத்துக் கட்டினாள்.

வில்பர்ட் குஷனைத் திரும்ப வண்டியில் போட்டான். தோற்றவனின் முகமாக அது இல்லை. "எந்தக் கை தொங்கவிடுதோ அந்தக் கைக்குத்தான் பரணுன்னு உங்கப்பா சொன்னது ஞாபகம் இருக்கா மாப்ள?"

ரூடி கயிற்றைப் பார்த்தான், ஹெல்மியின் கையைப் பார்த்தான். பரண் தப்பியது என்ற சந்தோஷம் நெஞ்சில் பாதி வழி வந்து அங்கேயே நின்றுவிட்டது.

ஹெல்மி ஏணியில் ஏறினாள். பலகையில் உட்கார்ந்து சதுப்பைப் பார்த்தாள். பலகைக் கோடுகளை விரலால் தடவினாள். "இங்க யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க போல" என்று கடைசியில் மேலிருந்து சொன்னாள். "இத்தனை வருஷம் இதை என்கிட்ட சொல்லவே இல்லையே ரூடி நீ."

அடுத்த வருடம் நவம்பர் பதினான்கு காலையில் வாசலில் கிடந்த மூட்டை ஹெல்மியுடையது. ஒரு வீட்டுக்கு ஒரு பரண், ஒரு பரணுக்கு ஒரு ஆள். அதை மாற்ற வில்பர்ட் ஒப்பவில்லை. ஹெல்மியும் வற்புறுத்தவில்லை என்பதை ரூடி கவனித்திருந்தான். ஆனால் அவன் பெரிதாக வருத்தப்படவும் இல்லை. அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. ஆப்பிள் மரம் இருக்கிறது, படி இருக்கிறது, கடையில் புதிதாக வாங்கிய, தாள் ஒட்டிய, பெரிய எழுத்தில் பெயர் போட்ட சரக்கு இருக்கிறது. அடுப்பு பக்கத்திலேயே. காப்பி கைக்கு எட்டுகிற தூரத்தில். இந்த வருடம் கொம்பனைச் சமையலறையிலிருந்தே சுட்டு, தன் கையாலேயே கம்பத்தில் தொங்கவிட்டு, பரணை வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

"மொதல்ல கதவு" என்றாள் ஹெல்மி. "நான் பாக்க செய். அப்புறம்தான் கிளம்புவேன்."

இந்த முறை ரூடி குறை வைக்கவில்லை. அவளுக்கு முன்னால் தன் மானத்தைக் காப்பாற்றவேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆணியாகத் தட்டி எடுத்தான். துருவை உப்புத்தாளில் தேய்த்தான், துணியில் துடைத்தான். எண்ணெயை இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு ஆணி முழுக்கத் தடவிச் சொருகினான். மிஞ்சியதைத் துடைத்தான். ஹெல்மி கதவைத் திறந்தாள், மூடினாள், வேகமாகத் திறந்தாள், மெதுவாக மூடினாள். மூச்சுக்கூட விடவில்லை கதவு.

"நல்லா செஞ்சிருக்க ரூடி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள். "செய்யணும்னா செய்வே நீ."

வில்பர்ட்டின் டிரக்கில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். "மேல் கீல்ல அந்த இன்னொரு பாட்டில்ல இருந்தும் ரெண்டு சொட்டு விட்டு வை. எதுக்கும்."

மறுநாள் விடிந்ததும் ரூடி இரண்டு சொட்டு விட்டான். நாற்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு, அப்பாவின் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் காப்பி குடித்தான். ஆப்பிள் மரத்துக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. கொம்பு மாதிரி தெரிந்தது. பனியில் சரியாகத் தெரியவில்லை. இதற்காகத்தானே ஒரு வருடம் காத்திருந்தான். கையை நீட்டிக் கதவை மெல்ல ஆட்டினான்.

கதவு ஒரு சத்தமும் போடவில்லை.

மறுபடி ஆட்டினான். வேகமாக ஆட்டினான். முழுக்கத் திறந்து மூடிப் பார்த்தான். வாழ்க்கையில் அவன் ஒழுங்காகச் செய்த ஒரே ரிப்பேர் அது. மரத்துக்குப் பின்னால் இருந்த கொம்பு காட்டுப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது.

ரூடி கங்காஸ் எழுந்து நின்றான். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு வாயைக் குவித்து, கதவைத் தாளம் தப்பாமல் ஆட்டிக்கொண்டே, முதலில் முனகலாக ஆரம்பித்து, பாதியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் 'ம்மே...' என்று இழுத்தான்.